ஒப்புரவு

‘ஒப்பு’ என்பதன் அடியாகப் பிறந்த பெயர்ச்சொல். திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’. அங்கே பொருள், ஊரோடு ஒத்து, உள்ளதைக் கொண்டு பிறர்க்கு உதவி வாழ்தல். பிணக்குத் தீர்ந்து மீண்டும் சேர்தல் என்னும் பொருளை ஊரெங்கும் கொண்டுசேர்த்ததில் தமிழ் விவிலியத்துக்குப் பெரும் பங்குண்டு. செஞ்சி, வல்லம் பக்கத்துக் கத்தோலிக்கப் பெரியவர்கள் பாவசங்கீர்த்தனம் என்று சொல்லி வளர்ந்ததற்கு இன்றைய பெயர் ‘ஒப்புரவு அருட்சாதனம்’. அதில் குற்றத்தை வாயால் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது. திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். சட்டக் கல்லூரிகளில் இன்று பேசப்படும் சீரமைப்பு நீதியும் இதையே கேட்கிறது: பாதிக்கப்பட்டவருக்கு என்ன வேண்டும், அதை யார் ஈடுசெய்வது? 1987ஆம் ஆண்டுச் சட்டம் சட்ட அங்கீகாரம் தந்த மக்கள் நீதிமன்றத்தில் புழங்கும் சொல் ‘சமரசம்’. அது வழக்கை முடிக்கும், மனக்காயத்தை ஆற்றுமா என்பது வேறு கேள்வி. அடிபட்டவரையே விட்டுக்கொடுக்கச் சொல்லும் பஞ்சாயத்துக்கு ஒப்புரவு என்ற பெயர் பொருந்தாது.