விடுதலைப் பத்திரம்

அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. 2004 ஆகஸ்டில் ஒருநாள், சார் பதிவாளர் அலுவலக வாசலில் அக்காவும் நானும் நின்றிருந்தோம். நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு இருந்த மூன்று ஏக்கர் மல்லிகைத் தோட்டத்தைத் தம்பி பெயருக்கு மாற்ற வேண்டும். பத்திர எழுத்தர் காட்டிய இடங்களில் நான் மளமளவென்று கையெழுத்துப் போட்டேன். பள்ளிப்படிப்போடு நின்றுபோன அக்காதான் பேனாவைப் பிடித்தபடி கேட்டாள்: “எனக்கு ஒண்ணுமில்லேன்னா எங்கிட்ட எதுக்குக் கையெழுத்து?”

“சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் தாயி” என்றார் சித்தப்பா. அக்காவும் போட்டாள்.

அந்தப் பத்திரத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். நான் அப்போது தமிழில் முதுகலை முடித்து, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். சொற்களை நம்பிக் கவிதை எழுதுகிறவள், அந்தச் சொல்லின்முன் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. யாருக்கு விடுதலை? எதிலிருந்து?

அக்காவின் கேள்விக்கு விடை தேட நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. வாரநாட்களில் கல்லூரியில் சங்க இலக்கியம் நடத்திவிட்டு, சனிக்கிழமைகளில் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறினேன். நிலச் சட்டங்கள் பற்றிய பகுதிநேரப் பட்டயப் படிப்பு அது. வகுப்பில் கிராம நிர்வாக அலுவலர்களும் வேளாண் துறையினரும் கூட்டுறவுச் சங்கப் பணியாளர்களும் இருந்தார்கள். பெண்கள் மூன்றே பேர். பாடத்தில் ஒவ்வொரு சட்டம் வரும்போதும் என் வீட்டுப் பெண் ஒருத்தி நினைவில் வந்து உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவள் அப்பத்தா. அவள் கணவனை இழந்தது 1944இல். அப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. விதவைக்குக் கணவன் பங்கில் ஆயுள்கால உரிமை தரும் சட்டம் 1937இலேயே வந்துவிட்டது. ஆனால் வேளாண் நிலத்தின் வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்தில் இருப்பதால் அந்தச் சட்டம் அதற்குச் செல்லாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அதை வேளாண் நிலத்துக்கும் நீட்டியது 1947இல். நகரத்து விதவைக்கு வீட்டில் பங்கு கிடைத்த அந்த ஆண்டுகளில், காட்டில் களையெடுத்த விதவைக்குக் கிடைத்தது ஜீவனாம்சம் மட்டும்தான்.

அடுத்தவள் அம்மா. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவளை வாரிசு என்று ஒப்புக்கொண்டது. அவள் பிறந்த வீட்டில் பூர்வீக நிலம் ஆறு ஏக்கர். உடன்பிறந்தவர் மாமா ஒருவர்தான். மகனுக்குப் பிறப்பாலேயே பாதி. தகப்பனின் பாதியில்தான் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. ஆக மாமாவுக்கு நான்கு ஏக்கர், அம்மாச்சிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அந்த ஓர் ஏக்கரையும் அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் காதுகுத்துக்குத் தாய்மாமன் வந்திருப்பாரா என்பது அவளுக்குப் பெரிய கேள்வி.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989 மார்ச் 25 முதல் மகளும் பிறப்பால் பங்குதாரர் ஆனாள். ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களுக்கு அது இல்லை. அக்காவுக்குக் கல்யாணம் 1988இல். எனக்கு அப்போது வயது பத்து. ஒரே வயிற்றில் பிறந்த எங்களுக்கு நடுவே ஒரு தேதி கோடு கிழித்துவிட்டது.

ஒருநாள் வகுப்பு முடிந்து வரும் பஸ்ஸில் நோட்டைத் திறந்து கணக்குப் போட்டேன். முந்நூறு சென்ட். அப்பா, தம்பி, நான் ஆளுக்கு நூறு. அப்பாவின் நூறில் அம்மா, அக்கா, தம்பி, நான் ஆளுக்கு இருபத்தைந்து. எனக்கு 125 சென்ட், தம்பிக்கும் 125, அம்மாவுக்கு 25, அக்காவுக்கு 25. கையெழுத்து சம்பிரதாயத்துக்காகக் கேட்கப்படவில்லை. எங்களுக்கு இருந்ததால்தான் கேட்கப்பட்டது.

2005 செப்டம்பர் 9இல் நாடு முழுவதும் மகளுக்குச் சம பங்குரிமை வந்தது. திருமணத் தேதி பார்க்கும் கோடும் அதோடு அழிந்தது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகளைப் புதுச்சட்டம் தொடாது. நாங்கள் கையெழுத்துப் போட்டது அதற்கு நான்கு மாதம் முன்பு.

பட்டாவில் பெயர் இல்லாதவள் விடியுமுன் பூப்பறித்தாலும் அரசுக் கணக்கில் விவசாயி ஆவதில்லை. பயிர்க்கடன் கேட்டாலும், 2019இல் வந்த ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் உதவித்தொகை கேட்டாலும், நிலம் யார் பெயரில் என்றே கேட்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் 1926இல் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இதை நன்றாக உணர்ந்தவர். கணவரோடு சேர்ந்து 1981இல் அவர் தொடங்கிய ‘லாஃப்டி’ அமைப்பு, கீழத்தஞ்சையில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது, பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தது.

தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. பொங்கலுக்குப் போகிறேன், பூ வாங்கி வருகிறேன். 125 சென்ட்டைக் கொடுத்துத் தாய்வீட்டை வைத்துக்கொண்டேன் என்று அக்கா கேலி செய்வாள். ஆனால் தம்பி தன் பங்கைக் கொடுக்காமலே அதே வீட்டில் இருக்கிறான் என்பதையும் அவளே சொல்வாள்.

போன மாதம் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, கைபேசியில் ஒரு வரைவுப் பத்திரத்தைக் காட்டினாள். “ஞாயித்துக்கிழமை வந்து கையெழுத்துப் போடச் சொல்றாங்க, மேடம்.” செய்யுள் படிப்பதுபோல் சொல் பிரித்து, இருவரும் ஒரு மணி நேரம் படித்தோம். சர்வே எண், பரப்பு, அவள் பங்கு எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டாள். போடு என்றோ போடாதே என்றோ நான் சொல்லவில்லை. அது அவள் முடிவு.

திங்கட்கிழமை வந்து சொன்னாள்: “இன்னும் போடல மேடம். கிணத்துல என் பங்கு என்னன்னு அதுல எழுதலையேன்னு அப்பாகிட்ட கேட்டிருக்கேன்.”