சோழவரம் ஓடுபாதையும் ஒரு வேகக் கணக்கும்



நம் கல்லூரி இருக்கும் திருநின்றவூர், இரண்டு பந்தயத் தடங்களுக்கு நடுவில் இருக்கிறது என்பதை யோசித்ததுண்டா? வடகிழக்கே செங்குன்றம் தாண்டினால் சோழவரம். தெற்கே போனால், பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை.

சோழவரத்தில் இருந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருடங்கள் பந்தயம் நடத்தியது. பிறகு அதே கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தடம் போட்டது. அது 1990-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.717 கி.மீ.

என் அப்பா தலைமுறைக்குச் சோழவரம் ஒரு திருவிழா. திருவொற்றியூர் புல்லட், மைசூர் யெஸ்டி, 1983-இல் வந்த ராஜ்தூத் 350 எல்லாம் அங்கே ஓடின. அன்றும் இன்றும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டாப் ஸ்பீடு எவ்வளவு?"

பந்தய வண்டியில் ஸ்பீடோமீட்டர் இருக்காது, ஆர்.பி.எம். மீட்டர்தான் இருக்கும். வேகத்தைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, டாப் கியரில் இன்ஜின் 6 சுற்று சுற்றினால் பின் சக்கரம் 1 சுற்று. டயரின் சுற்றளவு 2 மீட்டர். இன்ஜின் 7,500 ஆர்.பி.எம்.மில் ஓடினால் சக்கரம் நிமிடத்துக்கு 1,250 சுற்று, அதாவது 2,500 மீட்டர். மணிக்கு 150 கி.மீ. இது பல்சக்கரம் சொல்லும் கணக்கு.

ஆனால் காற்றிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. ராஜ்தூத் 350-இன் அதிகத் திறன் மாடலுக்கு 30.5 எச்.பி. அதில் 85 சதவீதம் சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்து, காற்றின் எதிர்ப்பையும் டயர் உருளும் எதிர்ப்பையும் கழித்துப் பார்த்தேன். ஓட்டுபவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் சுமார் 133 கி.மீ. டேங்க் மேல் படுத்துக்கொண்டால் சுமார் 146. உடம்பை மடக்குவதற்கே 13 கி.மீ. கிடைக்கிறது! பந்தயக்காரர்கள் ஏன் அப்படிக் குனிகிறார்கள் என்பது இப்போது புரியும்.

இரண்டு கணக்கில் எது குறைவோ அதுதான் உண்மையான டாப் ஸ்பீடு. அதைத் தொடுவதற்கும் நீளமான நேர்ப்பாதை வேண்டும். ஓடுபாதையில் அது கிடைக்கும். வளைவுகள் நிறைந்த தடத்தில் வேகம் ஏறும் முன்பே பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் தடத்துக்குத் தகுந்தபடி பல்சக்கரத்தை மாற்றுவார்கள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? 2010-இல், நாங்கள் இறுதியாண்டு படித்தபோது, ஹாஸ்டல் நண்பன் ஒருவனிடம் அவன் சித்தப்பாவின் பழைய ஆர்.எக்ஸ். 100 இருந்தது. பின் பல்சக்கரத்தைச் சின்னதாக மாற்றிவிட்டு, "மச்சான், இனிமே 120 போகும்டா" என்றான். காகிதத்தில் அவன் கணக்கு சரிதான். ஆனால் காற்றை எதிர்க்கத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 11 எச்.பி.யில் சுமார் 100 போகிற வண்டி 120 போக வேண்டுமானால் சுமார் 19 எச்.பி. வேண்டும். பல்லைக் குறைத்தால் அது எங்கிருந்து வரும்?

இது எனக்கு அன்றே தெரியும். தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனாலும் சொல்லவில்லை, எல்லோரோடும் சேர்ந்து பந்தயம் கட்டிச் சிரித்தேன்.

மறுநாள் விடியற்காலை அவன் திருவள்ளூர் சாலையில் சோதித்துப் பார்க்கப் போனான். நாய் குறுக்கே வந்தது. இடது முழங்கால் போயிற்று. கடைசி செமஸ்டரும் போயிற்று. கணக்கை அப்புறம் ஒரு நாள் சொன்னபோது அவன் கேட்டான்: "ஏன்டா அப்பவே சொல்லல?" அதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

நம்ம ஊர் பூசலார் நாயனார் மனதுக்குள்ளேயே கோயில் கட்டியவர். ஆனால் ஏனோதானோ என்று கட்டவில்லை. அடித்தளம் முதல் சிகரம் வரை முறையாகக் கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் குடமுழுக்கு வைத்திருந்த மன்னனே தன் நாளைத் தள்ளிப்போட்டு இங்கே வந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. மனதில் செய்வதையும் அளந்து செய்தால் அதற்கு மதிப்பு உண்டு.

இப்போது படிக்கும் தம்பிகளே, டாப் ஸ்பீடு தெரிய வேண்டுமானால் ஒரு தாளும் பென்சிலும் போதும். நேரில் பார்த்தே தீர வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. சாலை அதற்கான இடமில்லை. கணக்கு தெரிந்தவர்கள், கேட்காவிட்டாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

அந்த நண்பன் இந்தச் சந்திப்புக்கு வருகிறான். கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பான். பார்த்தால் பேசுங்கள், வண்டிகளைப் பற்றி என்றால் இன்றும் விடிய விடியப் பேசுவான்.

வாழ்க நம் கல்லூரி!