சட்டாம்பிள்ளையின் கடற்பயணம்

ஸ்காட்லாந்து நாட்டில், செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் கடற்கரை ஊரில், ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பெயருடன் ஒரு பள்ளிக்கூடம் இன்றும் நடைபெற்று வருகிறது. சென்னைப் பட்டினத்துக்கும் அவ்வூருக்கும் என்ன உறவு என்று நம்மில் எவரும் வியத்தல் இயல்பே. அவ்வுறவை அறிய வேண்டுமாயின், நம் முன்னோர் பயின்ற திண்ணைப் பள்ளிக்கூடத்தை முதலில் எட்டிப் பார்த்தல் வேண்டும்.

விடியற்காலையிலேயே பிள்ளைகள் அங்கே கூடிவிடுவர். பரப்பிய மணலில் விரலால் எழுத்தை வரைவதே முதற்பாடம். கை நன்கு பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். ஐந்து வயதுச் சிறுவனும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்க, ஓர் உபாத்தியாயர் அனைவருக்கும் எவ்வாறு போதிப்பார்? அதற்கெனவே சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணாக்கன் இருந்தான். அவன் முன்னின்று சொல்ல, இளையோர் ஒருமித்த குரலில் திருப்பிச் சொல்வர். பிறருக்குச் சொல்லிக் கொடுப்பதால் அவனுடைய கல்வியும் உறுதிப்பட்டது. வீண் அதிகாரம் செய்பவரை இன்று நாம் ‘சட்டாம்பிள்ளை’ என்று கேலி செய்கிறோம். அவன் பிரம்பெடுத்த நாட்களின் நினைவு போலும்!

1787ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் சென்னைக்கு வந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸே அவர் பிறந்த ஊர். இன்று எழும்பூர் ரயில் நிலையம் நிற்கும் இடத்தில் அந்நாளில் இருந்த சிறு கோட்டையில், ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆண்மக்களுக்கென ஓர் அநாதை விடுதி 1789இல் ஏற்பட்டது. அதன் பொறுப்பு பெல்லிடம் வந்தது. உதவி ஆசிரியர்களோ மிகச் சிலர். அவர்களிடம் ஊக்கமும் இல்லை. ஒரு நாள் காலை குதிரையேறி வருகையில், ‘மலபார்’ பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதை அவர் கண்டார். தமிழரை மலபாரியர் என அழைப்பது அக்கால ஐரோப்பியர் வழக்கம். விடுதியிலும் அவ்வாறே செய்யுமாறு அவர் பணித்தபோது, உதவி ஆசிரியர்கள் அது நடவாது என்றனர். பெல் அவர்களோடு வாதாடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, கடைசி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் நடவாது என்றதைச் சிறுவன் நடத்திக் காட்டினான். பிற வகுப்புகளும் நாளடைவில் மாணாக்கர் கைக்கே மாறின.

மணலெழுத்தை எங்கே கற்றார் என்பதைப் பெல் மறைத்தாரில்லை. ஆனால் மாணாக்கனைக் கொண்டு மாணாக்கனுக்குப் போதிக்கும் உபாயம் தாமே கண்டது என்பது அவர் துணிபு. திண்ணைகள் நிறைந்த ஊரில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் சட்டாம்பிள்ளையை அறியாதிருந்தார் என்பதை நம்புதல் நமக்கு எளிதாயில்லை.

தாய்நாடு திரும்பி 1797இல் அவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் இதையொத்த முறையைக் கையாண்டு பெரும் புகழ் எய்தவே, இருவர் கட்சியினரிடையே பூசல் மூண்டது. 1811இல் தோன்றிய தேசியக் கல்விச் சங்கம் பெல்லின் முறையை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயருடன் இங்கிலாந்தெங்கும் பரப்பியது. ஆனால் திண்ணையில் இருபது முப்பது பிள்ளைகளைத் தம் கண்பார்வையில் வைத்துக்கொண்டிருந்தவருக்குத் துணை நின்றவன் சட்டாம்பிள்ளை. அங்கோ, நூற்றுக்கணக்கான ஏழைக் குழந்தைகளுக்கு ஒரே ஆசிரியர் போதும் என்னும் சிக்கனத்துக்கு அவன் கருவியானான். துணையாய் இருந்தவனை ஆசிரியருக்குப் பதிலாக நிறுத்தியதே அங்கு நேர்ந்த பிழை என்று நாம் கருதுகிறோம்.

அதற்காக நம் திண்ணையைக் குறையற்றதெனப் போற்றவும் இயலாது. 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ தொடங்கிய கணக்கெடுப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பயின்றோர் 1,88,650 பேர். அவர்களுள் பெண்கள் 4,540 பேரே. தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமேயில்லை. பெல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை இங்கிலாந்து பின்பற்றியது தகும் என 1823இல் பாராட்டி எழுதினார். அதே அறிக்கையில், பொருள் உணராமல் மனப்பாடம் செய்வதைக் கண்டிக்கவும் செய்தார். உபாத்தியாயரின் வருவாய் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேற்படாமையால் தகுதியுடையோர் இத்தொழிலுக்கு வாரார் என்பது மன்றோ 1826இல் கண்ட முடிவு. ஆசிரியரைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒரு பள்ளி வேண்டும் என்றும் அவர் திட்டமிட்டார். மறுஆண்டே அவர் காலமானார். திட்டமும் நெடுநாள் நிலைக்கவில்லை.

இங்கிலாந்திலும் சிறுவரை மட்டும் நம்பிய முறை சலிப்பைத் தந்தது. 1846இல், பதின்மூன்று வயதானவர்களை ஐந்தாண்டுக் காலம் ஆசிரியரிடம் தொழில் பழக்கி, உதவிப் பணமும் அளிக்கும் ஏற்பாடு வந்தது. 1854இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை அவ்வேற்பாட்டையே இந்தியாவுக்கும் பரிந்துரைத்தது. எழும்பூரிலிருந்து கப்பலேறிய சட்டாம்பிள்ளை, சீமைச் சரக்காக நம்மிடமே திரும்பினான்! இரண்டாண்டு கழித்து, 1856இல், அரசினர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி சென்னையில் தோன்றியது. இன்று சைதாப்பேட்டையில் உள்ள கல்லூரி அதன் வழிவந்ததே.

டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்தும் அன்பர்கள், எல்லா வயதினரையும் ஒரே அறையில் வைத்துத் திணறுவதை நாம் அறிவோம். எழுத்தறிந்த அக்காளை அருகே அமர்த்தித் தம்பிக்கு ழகரத்தைச் சொல்லிக் கொடுக்கச் செய்யலாம். ஆசிரியர் மட்டும் அறையை விட்டு அகலாதிருக்க வேண்டும்.