பாலக்காட்டுக் கணவாயும் நேர்மாறுச் சிக்கலும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

வாளையாரைக் கடந்து பாலக்காடு செல்லும் தொடர்வண்டி மலையேறுவதில்லை. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்க, இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு மேற்குத் தொடர்ச்சி மலை அறுபட்டுக் கிடக்கிறது. இவ்விடைவெளி ஆறு அரித்ததா, நிலப்பிளவால் அமைந்ததா, பண்டைப் பெயர்ச்சி மண்டலத்தின் எச்சமா என்னும் வழக்கு நெடுங்காலமாக நடந்துவருகிறது. சான்று நிலத்தடியில் உள்ளது. அங்குச் சென்று மீளக்கூடியது அலை ஒன்றே.

1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியை ஏறத்தாழ 6 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கொடைக்கானலில் மில்னேயின் நிலநடுக்கப் பதிவுக்கருவி நிறுவப்பட்டிருந்தது. தணிப்பான் இல்லாத அக்கருவி தொலைதூரப் பேரதிர்வுகளுக்கே ஏற்றது. ஆகவே கோவை நிலநடுக்கத்தின் மையத்தை எங்கெங்கு எவ்வளவு உணரப்பட்டது என்னும் செய்திகளைக் கொண்டே பின்னோக்கி ஊகிக்க வேண்டியதாயிற்று. விளைவிலிருந்து காரணத்தை மீட்கும் இம்முயற்சியைத்தான் கணிதம் நேர்மாறுச் சிக்கல் என்கிறது. அதே 1900இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஓல்டாம், 1897 அசாம் நிலநடுக்கப் பதிவுகளில் மூவகை அலைகளைப் பிரித்துக் காட்டினார். 1906இல் புவிக்கு ஓர் உட்கரு உண்டு என்பதற்கும் அலைகளின் பயண நேரத்தையே சான்றாக்கினார்.

பயண நேரத்தோடு நில்லாமல் அலைவடிவம் முழுவதையும் பயன்கொள்ளும் எண்ணம் 1984இல் டாரன்டோலாவின் கட்டுரையால் வலுப்பெற்றது. ஊகித்த நிலத்தில் அலையைக் கணக்கிட்டு, அளந்த அலையோடு ஒப்பிட்டு, வேறுபாட்டின் வர்க்கத்தைக் குறைத்துக்கொண்டே செல்வது முறை. கேட்பதற்கு எளிது. ஆனால் ஊகம் அரை அலைநீளத்திற்கு மேல் பிசகினால் ஒரு முகடு அடுத்த முகட்டோடு தவறாகப் பொருந்திவிடும். அங்கே கணினி பிழையான நிலப்படத்தையே சரியெனக் கொண்டு நின்றுவிடும். கூடுதல் கணினி வலிமை இதனைத் தீர்க்காது. நோய் ஒப்பிடும் முறையிலேயே உள்ளது.

ட்ரஸ்கின், மாமனோவ், தேலர், சாஸ்லாவ்ஸ்கி ஆகியோர் 2016 அளவில் முன்வைத்து, பின்னர் போர்சியா, கார்னியர், சிம்மர்லிங் முதலியோரும் வளர்த்த குறைவரிசை மாதிரி முறை இங்கேதான் வேறு பாதை எடுக்கிறது. நிலத்தினுள் அலை எப்படியிருந்தது என்பதை எவரும் கண்டதில்லை. ஆயினும் இருவேறு கணங்களின் அலைகளுக்கிடையேயான உட்பெருக்கத்தை மேற்பரப்பில் பதிந்த தரவிலிருந்தே துல்லியமாகப் பெறலாம். காரணம் பள்ளிக்கூடத்து முக்கோணவியல்தான்: இரு கொசைன்களின் பெருக்கம், கூட்டுக்கோணம், கழித்தகோணம் ஆகியவற்றின் கொசைன்களுடைய கூட்டுத்தொகையில் பாதி. i, j ஆம் கணங்களின் உட்பெருக்கம் வேண்டுமானால், i+j ஆம் கணத்துத் தரவையும் அவற்றின் வேறுபாட்டுக் கணத்துத் தரவையும் கூட்டிப் பாதியாக்கினால் போதும். இவற்றை அணியாக அடுக்கி, சோலெஸ்கி முறையில் முக்கோண அணியாகப் பகுத்தால், அலையை ஒரு கணத்திலிருந்து அடுத்த கணத்துக்கு நகர்த்தும் இயக்கியின் சிற்றுரு கிடைக்கிறது. முக்கோண வடிவம் தற்செயலன்று. பின்வரும் அலை முன்வந்ததைப் பாதிக்காது என்னும் காரண ஒழுங்கே அங்கே பதிவாகிறது. இனி ஒப்பிடப்படுவன முகடுகள் அல்ல, இவ்வியக்கிகள். ஆய்வாளர்கள் காட்டிய எண்முறைச் சோதனைகளில் போலித் தீர்வுகளில் சிக்கும் இடர் பெரிதும் குறைந்திருந்தது.

(சோலெஸ்கி பிரெஞ்சுப் படையின் நில அளவையாளர், முதல் உலகப் போரில் 1918இல் மாண்டார். அவர் முறை 1924இல்தான் அச்சேறியது. நில அளவைக்காகப் பிறந்த கணக்கு நிலத்தடிக்கும் பயன்படுவதில் வியப்பில்லை.)

எனினும் இம்முறையை அப்படியே கணவாய்க்குப் பொருத்திவிட இயலாது. அதன் அடிப்படை வடிவம், அலை எழுப்பும் இடங்களிலேயே ஏற்பிகளும் நெருக்கமாக இருக்க வேண்டும் என்கிறது. குப்பத்திலிருந்து பழனி வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்கு நடந்த நிலநடுக்க ஆழ்ஆய்வில் வெடிகள் சில இடங்களிலும் ஏற்பிகள் கோடு நெடுகவும் இருந்தன. 1994 டிசம்பர் 2 அன்று கணவாயின் மேற்கே வடக்காஞ்சேரிப் பகுதியில் நேர்ந்த 4.3 அளவிலான நடுக்கம் போன்றவற்றில் நிலை இன்னும் கடினம்: நிலம் மட்டுமன்று, அலை எழுந்த இடமும் நேரமும்கூட அறியப்படாதவை. ஒரே தரவிலிருந்து மூன்றையும் மீட்க வேண்டும்.