வாங்கியவர் இழந்தது என்ன? டீசல் புகை மோசடியும் இழப்பீட்டுச் சட்டத்தின் வளர்ச்சியும்

புகை அளவை மறைத்து விற்கப்பட்ட கார் வழியில் நின்றுவிடவில்லை, அதன் இழுவையும் குறையவில்லை. அப்படியிருக்க அதை வாங்கியவருக்கு என்ன நட்டம்? டீசல் வழக்குகளில் தயாரிப்பாளர் தரப்பு விடாமல் எழுப்பிய கேள்வி இது. காற்றைக் கெடுத்தது அரசுக்கு எதிரான குற்றம் என்பதைச் சட்டம் சீக்கிரமே ஒப்புக்கொண்டது. வாங்கியவரும் ஏமாற்றப்பட்டவரே என்று ஏற்க அதற்கு நெடுங்காலம் பிடித்தது.

அமெரிக்காவில் 1970இல் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே, புகைக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடும் வெப்பநிலை சுவிட்சுகளை வைத்ததற்காக ஃபோக்ஸ்வாகன் 1,20,000 டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. 1995இல் ஜெனரல் மோட்டார்ஸின் முறை வந்தது. ஏசி ஓடும்போது கார்பன் மோனாக்சைடு வரம்பை மீறும்படி அதன் காடிலாக் கார்களின் சிப் அமைந்திருந்தது. அரசுச் சோதனையோ ஏசியை அணைத்துவைத்தே நடந்தது. 1998இல் கேட்டர்பில்லர், கம்மின்ஸ் உட்பட ஏழு டீசல் எஞ்சின் நிறுவனங்கள் சிக்கின. நெடுஞ்சாலையில் லாரி சீராக ஓடுவதை உணர்ந்ததும் அவற்றின் மென்பொருள் எரிபொருளை மிச்சம் பிடித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பெருக்கியது. சுமார் 13 லட்சம் எஞ்சின்கள் சம்பந்தப்பட்ட அந்த வழக்கில் அபராதம் மட்டும் 8.34 கோடி டாலர். மூன்று வழக்குகளிலும் வாதி அரசுதான். அபராதத் தொகையில் வண்டி வாங்கியவருக்குப் பங்கில்லை.

நிலைமையை மாற்றியது மேற்கு விர்ஜினியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறிய ஆய்வு. தூய்மையான போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் அதற்கு நிதி கொடுத்தது. அமெரிக்க டீசல் கார்கள் சுத்தமானவை, ஐரோப்பா அவற்றைப் பார்த்துக் கற்கலாம் என்று காட்டுவதுதான் மன்றத்தின் எண்ணம். டான் கார்டரின் தலைமையில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பன்னா, மார்க் பெஷ் ஆகிய இளம் ஆய்வாளர்கள் காரின் பின்பக்கத்தில் அளவீட்டுக் கருவியையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாச் சாலைகளில் ஓட்டினார்கள். ஒரு ஃபோக்ஸ்வாகன் பஸாட் காரை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் மைலுக்கு 0.07 கிராம் நைட்ரஜன் ஆக்சைடுகள்தான் வரம்பு. ஐரோப்பாவின் யூரோ 5 விதி அதைப்போல் நான்கு மடங்குக்கு இடம் கொடுத்தது. ஃபோக்ஸ்வாகனின் ஜெட்டா அமெரிக்க வரம்பை 15 முதல் 35 மடங்கும், பஸாட் 5 முதல் 20 மடங்கும் மீறின. உடன் சோதிக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள் நின்றது. வரம்பை எட்டும் தொழில்நுட்பம் கைவசம் இருந்தது என்பதற்கு அந்தக் காரே சாட்சி என்பதால் இந்த ஒப்பீடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

2014 மே மாதம் அறிக்கை வெளியானது. கலிஃபோர்னியா காற்று வள வாரியம் ஓராண்டுக்கு மேல் விடாமல் துருவிய பிறகு, 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மோசடியை ஒப்புக்கொண்டது. ஸ்டீயரிங் நிலை, வேகம், எஞ்சின் ஓடிய நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு சோதனை நடப்பதை மென்பொருள் கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகையை முழுமையாகக் கட்டுப்படுத்தியது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி வண்டிகளில் அது இருந்தது.

அமெரிக்க உரிமையாளர்களின் வழக்குகள் சான் ஃபிரான்சிஸ்கோவில் நீதிபதி சார்ல்ஸ் பிரையர் முன் ஒன்றுதிரட்டப்பட்டன. 2016 அக்டோபரில் அவர் ஏற்ற உடன்படிக்கையின்படி, மோசடி வெளிப்படுவதற்கு முன் இருந்த சந்தை விலைக்கே நிறுவனம் வண்டியைத் திரும்ப வாங்க வேண்டும். அதற்கு மேல் 5,100 முதல் 10,000 டாலர் வரை உரிமையாளருக்குக் கிடைத்தது. தனித்தனியே வக்கீல் தேடி அலையாமல் சுமார் 4,75,000 வண்டிகளின் உரிமையாளர்கள் பயன்பெறக் குழு வழக்கு முறை வழிசெய்தது.

ஜெர்மனியில் அத்தகைய முறை அப்போது இல்லை. 2018 நவம்பர் 1 அன்று மாதிரித் தீர்ப்பு வழக்கு என்ற புதிய வகை நடைமுறைக்கு வந்த நாளிலேயே நுகர்வோர் சங்கக் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. 2020 தொடக்கத்தில் எட்டப்பட்ட சமரசத்தில் ஒருவருக்கு 1,350 முதல் 6,257 யூரோ வரைதான் கிடைத்தது. காரும் அவரிடமே தங்கிவிட்டது. அமெரிக்கரோடு ஒப்பிட்டால் இது பெரிய அநீதி என்றே சொல்வேன்.

வாங்கியவருக்கு என்ன நட்டம் என்ற கேள்விக்கு நேரான விடை 2020 மே 25 அன்று கார்ல்ஸ்ரூஹேயில் உள்ள ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றத்திலிருந்து வந்தது. 31,490 யூரோவுக்குப் பழைய ஃபோக்ஸ்வாகன் ஷரான் கார் வாங்கிய ஒருவரின் வழக்கு அது. உரிமையியல் சட்டத்தின் 826ஆம் பிரிவு, நல்லொழுக்கத்துக்கு மாறாக வேண்டுமென்றே தீங்கு செய்தவரைப் பொறுப்பாக்குகிறது. உண்மை தெரிந்திருந்தால் செய்திருக்கமாட்டாத ஒப்பந்தத்தில் சிக்கவைத்ததே தீங்கு என்றது நீதிமன்றம். விலை குறைந்ததா, கார் ஓடியதா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம் ஆயின. ஆனால் ஓட்டிய கிலோமீட்டருக்கு ஈடான தொகையைக் கழித்துக்கொள்ளவும் அது அனுமதித்தது. அதனால் சுமார் 25,600 யூரோவே அவர் கைக்கு வந்தது. வழக்கு நீள நீள, ஓட்டம் கூடக் கூட, இழப்பீடு கரைந்துகொண்டே போனது.

கால வரம்பு இன்னும் கொடியது. 2015இலேயே தன் கார் பாதிக்கப்பட்டதை அறிந்தவர் 2018 முடிவதற்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். சட்டம் தெளிவானதோ 2020இல். அதுவரை காத்திருந்த பலருக்குக் கதவு மூடிவிட்டது. புதிய கார் வாங்கியவர்களுக்கு மட்டும் அதே உரிமையியல் சட்டத்தின் 852ஆம் பிரிவின் பத்தாண்டு வழி எஞ்சியதாக 2022இல் தீர்ப்பாயிற்று.

இங்கிலாந்தில் 91,000 பேர் 2022இல் 19.3 கோடி பவுண்டுக்குச் சமரசமானார்கள். இந்தியாவில் 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஃபோக்ஸ்வாகனுக்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, கட்டாய நடவடிக்கைக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்த அபராதமும் சுற்றுச்சூழலின் பெயரால் விதிக்கப்பட்டதே. ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர் சேர்ந்து முறையிட 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இடமளிக்கிறது. இந்திய உரிமையாளர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

ஐரோப்பாவில் அடுத்த பெரிய அடி 2023 மார்ச் 21 அன்று விழுந்தது. மெர்சிடிஸ்-பென்ஸ் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், வண்டியோடு தரப்படும் விதி இணக்கச் சான்று வாங்குபவரையும் காக்கிறது என்று தீர்ப்பளித்தது. வேண்டுமென்றே ஏமாற்றியதை நிரூபிக்க முடியாதவரும் இதனால் இழப்பீடு கோரலாம், கவனக்குறைவே போதும். குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வெளியே புகைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் வண்டிகளின் உரிமையாளர்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரும் துணை. அதே ஆண்டு ஜூன் 26 அன்று ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றம் வாங்கிய விலையில் 5 முதல் 15 சதவீதம் வரை இழப்பீட்டு அளவை வகுத்தது. சட்டவிரோத மென்பொருள் இருந்தது என்று நிலைநாட்டப்பட்டால், தன்மீது தவறில்லை என்று காட்டும் பொறுப்பு இனி தயாரிப்பாளருடையது.