தோட்டா போய்ச் சேரும் இடம்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில், உத்தனப்பள்ளியில் பத்து நிமிஷம் நின்றால் போதும். கெலமங்கலம் பக்கமிருந்து ஒரு டிப்பர், சூளகிரி பக்கமிருந்து இன்னொன்று என்று வந்துகொண்டே இருக்கும். ஜல்லி, எம்-சாண்ட், உடைக்காத கருங்கல். சுமையைப் பார்க்கிற கண் தொட்டியைப் பார்ப்பதில்லை. சாதாரணத் தகட்டில் கட்டிய தொட்டியைக் கருங்கல் தேய்த்துத் தேய்த்து ஓட்டை போட்டுவிடும் என்பதால், கல் விழும் தளத்துக்கு வேறொரு தகடு போடுவது வழக்கம். பட்டறைகளில் அதை ஹார்டாக்ஸ் என்பார்கள். சுவீடன் கம்பெனி ஒன்று 1974இல் சந்தைக்குக் கொண்டுவந்த தகட்டின் பெயர் அது. இன்று அதே ரகத்தை யார் உருட்டினாலும் அந்தப் பெயரே வாயில் வருகிறது.

அந்தத் தகட்டுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. அதே எஃகை வட்டமாக, சதுரமாக, தோளும் தலையுமாக வெட்டி, துப்பாக்கிப் பயிற்சித் தளங்களில் இலக்காகத் தொங்கவிடுகிறார்கள். கல்லுக்கென்று பிறந்தது தோட்டாவை வாங்கப் போகிறது. அந்த இரண்டாவது வழியைத்தான் இங்கே பின்தொடர்கிறேன்.

முதலில் பிறப்பு. உருக்கிய எஃகைப் பாளமாக வார்த்து, உருளைகளுக்கிடையே அழுத்தித் தகடாக்கும் வரை இதற்கும் மற்றத் தகடுகளுக்கும் பெரிய வேறுபாடில்லை. பிறகு அதை மறுபடி ஏறக்குறைய 900 டிகிரிக்குக் காய்ச்சி, ஒரே மூச்சில் தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள். ஊர்க் கொல்லர் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தொட்டியில் முக்கும்போது நடப்பதும் இதுதான். வெளியேற நேரமில்லாமல் கார்பன் இரும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அந்த நெருக்கத்தில் எஃகு இறுகிவிடுகிறது. அதோடு துளி போரானும், மாங்கனீசும் குரோமியமும் சேர்ந்திருப்பதால் இறுக்கம் மேல்தோலோடு நிற்காமல் நடு வரை இறங்குகிறது. இந்த மாவட்டத்துக்கு இரும்பு பழைய உறவு. தொகரப்பள்ளி அருகே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொதுயுகத்துக்கு முன் 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. டிப்பர் போகும்போதெல்லாம் எனக்கு அந்த எண் நினைவுக்கு வரும்.

கடினத்தை அளக்கும் வழியைக் கண்டவரும் ஒரு சுவீடன்காரர், யோஹான் ஆகஸ்ட் பிரினெல். 1900இல் அவர் சொன்ன முறை எளியது: 10 மில்லிமீட்டர் உருண்டையை 3000 கிலோ பாரத்தால் தகட்டின் மேல் அழுத்தி, பதிந்த குழியின் அகலத்தை அளக்க வேண்டும். குழி சிறுத்தால் எண் பெருகும். கதவுக்கும் கிரில்லுக்கும் நாம் வாங்கும் எம்.எஸ். தகடு இந்த அளவில் 120, 150 என்று நிற்கும். நல்ல இலக்குத் தகடு 500ஐ ஒட்டி நிற்கும். தோட்டாவின் வயிற்றிலிருக்கும் ஈயத்துக்கு எண் வெறும் 5. இலக்குத் தகட்டைப் பற்றிய மற்ற எல்லாமே இந்த 500க்கும் 5க்கும் இடையிலுள்ள தூரத்திலிருந்து வருபவை.

இரும்பு இலக்கு எப்படி வந்தது என்பதை அறிந்தபோது மனசு கொஞ்சம் கனத்தது. மெக்சிகோவில் ஒரு காலத்தில் உயிருள்ள ஆட்டையும் கோழியையும் தூரத்தில் கட்டிவைத்துச் சுட்டுப் பழகினார்கள். அது போட்டியாகவும் நடந்தது. 1948இல் மெக்சிகோ நகரில் அந்த உயிர்களுக்குப் பதிலாக அதே உருவங்களை இரும்பில் வெட்டி நிறுத்தினார்கள். 200 மீட்டரில் கோழி, 300இல் பன்றி, 385இல் வான்கோழி, 500இல் செம்மறிக்கடா. அந்தத் தூரங்கள் இன்றும் மாறவில்லை. பிறகு ஜான் பெப்பர் என்பவர், தோட்டா பட்டால் பின்பக்கம் சாயும் தகடு ஒன்றை வடிவமைத்தார். கைத்துப்பாக்கிப் போட்டிகளில் இன்றும் அது அவர் பெயரோடு நிற்கிறது. பனிச்சறுக்கோடு சுடும் பயத்லானில் 50 மீட்டரில் ஐந்து வட்டங்கள். படுத்துச் சுட்டால் 45 மில்லிமீட்டர், நின்று சுட்டால் 115. பட்டதும் வட்டம் மூடிக்கொள்ளும். எந்த வடிவமானாலும் தகடு நிற்பது ஓர் உயிர் நின்ற இடத்தில். அதைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த நினைப்பு இருப்பது நல்லது.

தகடு வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, ஹீட் நம்பர். எந்த உருக்கில் பிறந்தது, என்ன கலவை, கடினம் எத்தனை என்பதை ஆலை எழுதிக்கொடுக்கும் சான்றிதழ் ஒன்று உண்டு. தகட்டின் மேல் அடித்திருக்கும் எண்ணும் அதிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அது தகட்டின் ஜாதகம். பெயிண்ட் பூசிய பிறகு 500 கடினத் தகட்டையும் எம்.எஸ். தகட்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. தூக்கிப் பார்த்தும் தெரியாது. 10 மில்லிமீட்டர் தகடு எந்த ரகமானாலும் சதுர மீட்டருக்கு 78 கிலோ சொச்சம்தான். காகிதம் இல்லாத தகட்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், விட்டுவிடுவதே மேல்.

கைத்துப்பாக்கிக்கும் 100 மீட்டருக்கு அப்பாலிருந்து சுடும் சாதாரண ரைஃபிளுக்கும் 10 மில்லிமீட்டர் கனம் தாங்கும். பெரிய தோட்டாவென்றால் 12. 10 மில்லிமீட்டர் கனத்தில் ஓர் அடி வட்டம் ஏறக்குறைய ஐந்தே முக்கால் கிலோ. ஒரு கையில் தூக்கிவிடலாம்.

அடுத்த ஆபத்து வெட்டும் மேசையில். தண்ணீரில் பெற்ற கடினத்தை நெருப்பு திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். 250 டிகிரியைத் தாண்டினாலே இறுக்கம் தளரத் தொடங்கும். பட்டறையில் கேஸ் கட்டிங் வைத்து மெதுவாக வெட்டினால் ஓரத்தில் விரல் அகலத்துக்குத் தகடு மெத்துப்போகும். அங்கே படும் தோட்டா குழி பறிக்கும். அதிவேகத் தண்ணீரால் வெட்டும் இயந்திரம் சிறந்தது. லேசரும் நல்லது, சூடேறும் பட்டை மிகக் குறுகல். 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் வந்தபின் ஓசூரைச் சுற்றி வளர்ந்த உதிரிபாகத் தொழிலில் இப்படிப்பட்ட வெட்டுவேலை பழகிய கைகள் நிறைய. கொக்கி மாட்டுவதற்காகத் தகட்டில் வெல்டிங் வைப்பதும் இதே தவறுதான். முதுகில் வைத்த வெல்டிங்கின் சூடு முகத்தையும் தளர்த்தும். ஓட்டை போட்டு, மொட்டைத் தலை போல்ட் கோத்து, ரப்பர் பட்டையில் தொங்கவிடலாம். கிரஷரில் ஜல்லியை மேலே ஏற்றும் பெல்ட் பழசானால் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். சங்கிலியில் தோட்டா பட்டால் கண்ணி தெறிக்கும். ரப்பரைத் தோட்டா துளைத்துக்கொண்டு போய்விடும்.

இனி தோட்டா வரும் நேரம். ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளிக் கூடை ஏற்றி இறக்குகிற யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பழுத்த தக்காளியை வழவழப்பான கல் தரையில் ஓங்கி எறிந்தால் சாறு தரையோடு தரையாக நாலாபுறமும் விரியும். எறிந்தவன் முகத்துக்கு வருவது குறைவு. அதே தரையில் ஒரு குழி இருந்து அதற்குள் விழுந்தால், சாறு குழியின் சுவரில் ஏறி எறிந்தவன் மேலேயே பாயும். ஈயத் தோட்டா கடினமான தட்டை முகத்தில் படும்போதும் இதுதான் நடக்கிறது. அது உடைந்து, தகட்டின் முகத்தை ஒட்டியபடி தட்டையாகச் சிதறுகிறது. தகட்டின் தலையைச் சற்று முன்னால் சாய்த்துவிட்டால், முன்பக்கம் வரும் சிதறலும் மண்ணில் இறங்கும்.

எம்.எஸ். தகடு ஏன் ஆபத்து என்பதும் இதிலேயே இருக்கிறது. அது மெத்தென்று இடம் கொடுத்துக் குழியாகும். அடுத்த தோட்டா அந்தக் குழியில் விழுந்தால் சூடான ஈயமும் செம்புத் துணுக்கும் சுட்டவரை நோக்கித் திரும்பும். தகடு மெலிதாகத்தானே குழிந்திருக்கிறது, ஓட்டை விழவில்லையே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஓட்டை விழுவது ஒரு கவலை என்றால், ஓட்டை விழாமல் குழிவது அதைவிடப் பெரிய கவலை.

தூரம் அதற்காகத்தான். கைத்துப்பாக்கிப் போட்டி விதிகளில் இரும்பு இலக்குக்குக் குறைந்தது 7 மீட்டர். பயிற்சியில் 10 மீட்டருக்குள் போகாமல் இருப்பது நல்லது. ரைஃபிள் என்றால் 100. நொடிக்கு 900 மீட்டரைத் தாண்டும் தோட்டா 500 கடினத் தகட்டையும் குழியாக்கும். நம் படைகளின் 5.56 துப்பாக்கிக்குள் போகும் ரகத் தோட்டாவில் ஈயத்துக்கு முன்னால் சிறிய எஃகு முனை ஒன்று இருக்கிறது. அது கிட்டத்தில் தகட்டைக் கொத்திவிடும். அப்படிப்பட்டதற்குக் காகிதமும் பலகையும், பின்னால் உயர்ந்த மண்மேடும்தான் சரி. சுடுகிறவர் மட்டுமல்ல, பக்கத்தில் கணக்கெழுதுகிறவரும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடக்கூடாது. உடைந்த ஈயத்தின் தூள் கண்ணுக்குத் தெரியாமல் விரலில் ஒட்டியிருக்கும்.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் தகட்டை விரும்பக் காரணம் அதன் சத்தம். காகிதத்தில் பட்டதா என்று அறியத் துப்பாக்கியை வைத்துவிட்டு நடந்துபோய்ப் பார்க்க வேண்டும், அல்லது தொலைநோக்கியில் தேட வேண்டும். தகடு தானே பதில் சொல்லும். 300 மீட்டர் தகட்டிலிருந்து அந்த ஒலி திரும்பிவர முக்கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். விரல் செய்த வேலைக்கும் காதுக்கு வரும் பதிலுக்கும் இடையே அவ்வளவு சின்ன இடைவெளி இருப்பதால் உடம்பு உடனே கற்கிறது. நன்றாகத் தொங்கும் தகடு கோயில் மணிபோல் ஒலிக்கும். ஒலி மாறினால் போல்ட் தளர்ந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

தவறிய தோட்டாவைத் தகடு என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அதனால்தான் தகட்டைப் பற்றி எழுதும்போது அதன் பின்னாலிருக்கும் மண்ணைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் பசுமலைப்பட்டியிலிருக்கும் சுடுதளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. 2022 ஜனவரி 3ஆம் தேதி தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் அவன் உயிர் பிரிந்தது. தோட்டா எந்த வழியில் வந்தது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அந்தப் பிள்ளை துப்பாக்கிக்கு எந்த வகையிலும் சம்பந்தமில்லாதவன் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. .22 என்னும் சின்னத் தோட்டாவே ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். பெரிய ரைஃபிள் தோட்டா அதைவிட வெகுதூரம் போகும்.

உத்தனப்பள்ளியில் நின்று இதை நினைத்தால் இன்னும் கனக்கிறது. 2019 ஜனவரி 20ஆம் தேதி திருச்சியில் தொடங்கிவைத்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரும் ஒரு முனை. ஆயுதத்தோடு தொடர்புள்ள பொருள்கள் இந்தப் பக்கம் இனி அதிகம் செய்யப்படலாம். செய்கிறவர்கள் சோதித்தும் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் இங்கே வெறும் இடம் எது? உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி விவசாயிகள் 2023இல் சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். வரைபடத்தில் காலியாகத் தெரியும் ஒவ்வொரு துண்டிலும் யாரோ ராகிக்கு உழுகிறார்கள், ரோஜாவுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். கல்குவாரிப் பள்ளம் மூன்று பக்கமும் சுவராக இருக்கிறதே, சுடுவதற்கு வசதிதானே என்று யாருக்காவது தோன்றலாம். பாறைச் சுவரில் பட்ட தோட்டா எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழியும் முண்டுமாக இருக்கும் பாறை, கெட்டுப்போன பெரிய இலக்குத் தகடுதான். தோட்டா இறங்கி நிற்பதற்குக் கல் கலக்காத மண் வேண்டும். அதோடு, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் இருக்க, அவரவர் தோட்டத்தில் தகடு நட்டுச் சுட்டுப் பழகுவதற்கு இந்த நாட்டில் இடமில்லை. அது நல்லதுக்குத்தான் என்பது என் எண்ணம்.

தகட்டின் முதுமை மெதுவாக வரும். ஈயம் பட்ட இடமெல்லாம் சாம்பல் பூ பூக்கும். வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் மறுபடி புதுசாகிவிடும். ஆயிரக்கணக்கான அடிக்குப் பிறகு தகடு லேசாக வில்லாக வளையும். அப்போது திருப்பி மாட்டினால் மறுபக்கத்து அடி அதை நிமிர்த்தும். ஒவ்வொரு நாளும் முதல் தோட்டாவுக்கு முன் உள்ளங்கையால் முகத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். விரல் எங்கே தட்டுகிறதோ, அங்கே குழி. ஒரு குழி போதும், தகட்டின் வேலை முடிந்தது. வெல்டிங் வைத்து நிரப்பிக் கிரைண்டரால் மழுக்கினால் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே மெத்துப்போயிருக்கும்.

கழித்த தகட்டைக் காயலான் கடையில் போட்டால் கிலோக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். மற்ற இரும்போடு சேர்ந்து உலையில் உருகி, வீடு கட்டும் கம்பியாக மாறிவிடும். போடுவதற்கு முன் அந்த வட்டத்தை இரண்டாக வெட்டிப் போட வேண்டும். இந்த ஒரு தடவை கேஸ் கட்டிங் போதும். முழுசாகக் கிடந்தால், பார்க்கிற யாரோ ஒருவர் பெயிண்ட் அடித்து எங்காவது மறுபடி தொங்கவிட்டுவிடுவார்.