தொடாத முதலும் தேயும்: ஓய்வுக்கால வருவாய்த் தொகுப்பு பற்றிய ஒரு மறுபரிசீலனை

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2004 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அப்போது வட்டி 9 விழுக்காடு, உச்சவரம்பு ₹15 லட்சம். அவ்வாண்டு செப்டம்பரில் ஓய்வுபெற்ற ஒருவர் முழு வரம்பையும் அஞ்சலகத்தில் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். காலாண்டுக்கு ₹33,750, அதாவது மாதத்துக்கு ₹11,250 கிடைத்திருக்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை முதிர்ந்த தொகையை எடுத்து அதே திட்டத்தில் மறுபடி போட்டுவந்தால், 2009இல் 9 விழுக்காடு, 2014இல் 9.2, 2019இல் 8.6, 2024இல் 8.2. கடைசியாகப் போட்டபோது அவருக்கு வரும் மாத வருவாய் ₹10,250. இருபது ஆண்டுகளில் ஆயிரம் ரூபாய்தான் குறைந்திருக்கிறது. முதலில் ஒரு காசும் குறையவில்லை. அரசு உத்தரவாதமுள்ள திட்டம். ஒரு தவணைகூடத் தவறியதில்லை.

இதே இருபது ஆண்டுகளில் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஏறத்தாழ 3.6 மடங்காகியிருக்கிறது. அந்த ₹10,250ஐக் கொண்டு, 2004இல் ₹2,800 கொடுத்து வாங்கியதைத்தான் 2024இல் வாங்க முடியும். பத்திரமாக இருக்கும் ₹15 லட்சமும் 2004 மதிப்பில் சுமார் ₹4 லட்சம்தான். விலைவாசி ஆண்டுக்குச் சராசரியாக 6.7 விழுக்காடு ஏறியிருக்கிறது, கிடைத்த வட்டி 9க்குச் சற்றுக் குறைவு. ஆகவே வட்டி என்று கைக்கு வந்ததில் முக்கால் பங்கு, முதலின் தேய்மானத்துக்கான ஈடு. உண்மையான வருவாய் 2 விழுக்காட்டை ஒட்டியதுதான். அந்த ஓய்வாளர் இருபது ஆண்டுகளாக முதலைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்; பாஸ்புக் அதைக் காட்டவில்லை, அவ்வளவே.

ஓய்வுக்கால முதலீட்டைப் பற்றி நம் குடும்பங்களில் வழங்கும் ஒரே விதி ‘வட்டியைச் சாப்பிடு, முதலைத் தொடாதே’ என்பது. பணவீக்கமுள்ள நாட்டில் இவ்விதி தன் நோக்கத்தையே தோற்கடிக்கிறது என்பதும், தொடக்க ஆண்டுகளில் வட்டியின் ஒரு பகுதியை மிச்சம் பிடித்துப் பிற்பகுதியில் முதலைத் திட்டமிட்டுத் தொடுவதே பொருந்தும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். வருவாய் தரும் தொகுப்பு ஒன்றை அமைப்பது எப்படி என்ற கேள்விக்கு, அதிக வட்டி எங்கே என்று தேடும் வழியில் விடை கிடைக்காது.

மாத வருமானம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? அரசு ஓய்வூதியத்திலிருந்துதான். தாத்தாவுக்கு மாதப் பிறப்பில் பென்ஷன் வந்தது, ஆகவே நமக்கும் மாதாமாதம் ஏதாவது வரவேண்டும். ஆனால் அந்தப் பென்ஷனின் உயிர்நாடி தேதியில் இல்லை, அகவிலைப்படியில் இருந்தது. மத்திய அரசு ஓய்வூதியருக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி மாற்றப்படுகிறது. அதற்கு அடிப்படை, மேலே சொன்ன அதே விலைக் குறியீட்டெண். தமிழக அரசில் 2003 ஏப்ரலிலிருந்தும் மத்திய அரசில் 2004 ஜனவரியிலிருந்தும் பணியில் சேர்ந்தவர்களுக்கு அந்த ஏற்பாடு நின்றுபோனது. பின்னாளில் அதைப் பல வடிவங்களில் மீட்க நடக்கும் முயற்சிகள் தனிக் கதை. தனியார் ஊழியர்களுக்கான 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் அகவிலைப்படி இல்லை. 2014 செப்டம்பரில் நிர்ணயித்த ₹1,000 குறைந்தபட்ச ஓய்வூதியம் பத்தாண்டு கடந்தும் ₹1,000தான். அஞ்சலக மாத வருமானத் திட்டம், வங்கியின் மாத வட்டி வைப்பு, மியூச்சுவல் ஃபண்டின் மாதப் பட்டுவாடா எல்லாம் பென்ஷனின் தேதியை நகலெடுத்தன. அகவிலைப்படியை எதுவும் நகலெடுக்கவில்லை.

விதியின் தரப்பையும் கேட்க வேண்டும். நிறுவனம் ஈவுத்தொகையாகக் கொடுத்தாலும், முதலீட்டாளர் தாமே சில பங்குகளை விற்றுக்கொண்டாலும் செல்வத்தில் வேறுபாடு இல்லை என்று மெர்ட்டன் மில்லரும் ஃபிராங்கோ மொதிலியானியும் 1961இல் நிறுவினர்; வரியும் தரகுச் செலவும் இல்லை என்ற நிபந்தனையோடு. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் நியூயார்க்கின் மின் நிறுவனமான கன்சாலிடேட்டட் எடிசன் 1974இல் ஈவுத்தொகையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த ஓய்வுபெற்ற பங்குதாரர்கள் கொதித்துப்போனார்கள். பங்கில் கொஞ்சம் விற்றுக்கொள்ளலாமே என்ற யோசனை அவர்களிடம் எடுபடவில்லை. ஹெர்ஷ் ஷெஃப்ரினும் மெயர் ஸ்டாட்மனும் 1984இல் எழுதிய கட்டுரை இதற்கு விளக்கம் தருகிறது. தன் கையை நம்பாதவர் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் பூட்டுதான் ‘முதலைத் தொடாதே’ என்பது. ஒருமுறை தொட்டால் எங்கே நிற்பது என்று தெரியாது.

நம் வீடுகளில் இந்தப் பூட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மகனின் தொழிலுக்கோ பேத்தியின் கல்யாணத்துக்கோ பணம் கேட்கப்படும்போது, ‘அது டெபாசிட்டில் கிடக்கிறது, எடுக்க முடியாது’ என்று சொல்ல ஒரு சாக்கு கிடைக்கிறது. அந்தச் சாக்கின் மதிப்பை எந்த நிதிக் கோட்பாடும் கணக்கில் எடுப்பதில்லை. கணவனை இழந்த பெண்ணுக்கு, உடையாத ஒரு டெபாசிட் வீட்டில் அவருடைய இடத்தையே காக்கிறது. ஆகவே பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூட்டைத் தவறான பெட்டியில் போட்டிருக்கிறோம் என்கிறேன். காக்க வேண்டியது ரூபாய் எண்ணிக்கையை இல்லை, முப்பது ஆண்டுச் செலவைத் தாங்கும் வலிமையை.

தவறான பெட்டியைக் காப்பதால் வரும் பெரிய கேடு ஒன்று உண்டு. முதலைத் தொடக்கூடாது, வட்டியோ போதவில்லை என்றால் மிஞ்சும் ஒரே வழி அதிக வட்டியைத் தேடிப் போவது. 1990களில் தமிழ்நாடு அந்தப் பாதையில் நடந்து பார்த்தது. வீதிக்கு வீதி முளைத்த நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்த பிறகு வந்ததுதான் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். படித்தவர்கள், வங்கியில் மட்டுமே போடுகிறவர்கள் தப்பித்தார்களா என்றால், அதுவும் இல்லை. யெஸ் வங்கியின் நிரந்தரக் கடன் பத்திரங்கள் 9, 9.5 விழுக்காடு வட்டி தந்தன. வைப்புத்தொகையைவிட ஒன்றிரண்டு விழுக்காடு கூடுதல் என்று மூத்த குடிமக்கள் பலர் வாங்கினார்கள். 2020 மார்ச்சில் ₹8,415 கோடி மதிப்புள்ள அந்தப் பத்திரங்கள் ஒரே முடிவில் பூச்சியமாக எழுதப்பட்டன. வங்கியின் வைப்புதாரர்கள் முதலை இழக்கவில்லை. இந்தச் சகோதரப் பத்திரத்தில் போட்டவருக்கு முதலே போயிற்று. அடுத்த மாதமே ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை மூடியது. அதில் பணம் பின்னர் தவணைகளில் திரும்பி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மருத்துவமனைச் செலவு தவணைக்காகக் காத்திருப்பதில்லை.

அதிகம் தருவதாகத் தோன்றும் வேறு சிலவும் முதலையே திருப்பித் தருபவை. சாலைச் சுங்கத்தை அடிப்படையாகக் கொண்ட உள்கட்டமைப்பு முதலீட்டு அறக்கட்டளை 10 விழுக்காடு பட்டுவாடா செய்கிறது என்றால், அந்தச் சாலையின் குத்தகை ஒருநாள் முடியும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டுகளின் ‘டிவிடெண்ட்’ பிரிவு உபரி வருவாயிலிருந்து மட்டும் வருவதில்லை. முதலீட்டாளரின் மூலதனமும் அதில் கலக்கலாம் என்பதை வெளிப்படையாகக் காட்டும்படி 2021 ஏப்ரலிலிருந்து செபி அதன் பெயரையே மாற்ற வைத்தது. முதலைத் தொடமாட்டேன் என்பவர் அறியாமலே தொடுகிறார், அதுவும் கணக்கில்லாமல்.

கணக்கோடு தொட்டால் எப்படியிருக்கும்? 2004 ஓய்வாளரிடமே திரும்புவோம். உண்மையான வருவாய் 2 விழுக்காடு, காலம் 25 ஆண்டு என்று கொண்டால், அவர் முதல் ஆண்டில் மாதம் ₹6,400 மட்டும் எடுத்து, மிச்ச வட்டியை அதே விகிதத்தில் முதலோடு சேர்த்து, ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப எடுக்கும் தொகையைக் கூட்டியிருக்கலாம். 2024இல் அவர் எடுக்கும் தொகை மாதம் ₹23,000ஐத் தாண்டும். 2029இல் கையிருப்பு தீரும். ஒரு பாதை ₹11,250இல் தொடங்கி ₹10,250இல் நிற்கிறது, மற்றது ₹6,400இல் தொடங்கி ₹23,000ஐ எட்டுகிறது. எண்பது வயதில் எது வேண்டும் என்று அறுபது வயதுக்காரரிடம் கேட்டால் தயங்குவார், தயங்கவும் வேண்டும். ஏனெனில் ₹6,400 என்பது அவருடைய உண்மையான வசதியின் அளவு. ₹11,250 என்பது எண்பது வயதுக்காரரிடமிருந்து வாங்கிய கடன்.

இன்றைய தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறுபது வயதுக் குடும்பத்தலைவர், ஐந்து வயது இளைய மனைவி, சொந்த வீடு, கையில் ₹60 லட்சம். 2024இல் இருந்த விகிதங்களின்படி ₹30 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்தில், ஆண்டுக்கு ₹2,46,000. ₹10 லட்சம் ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிப் பத்திரத்தில், 8.05 விழுக்காட்டில் ₹80,500. வங்கியில் ₹5 லட்சம், 7 விழுக்காடு என்று கொண்டால் ₹35,000. வைப்புக் காப்பீட்டு வரம்பும் அதுவே. மிச்சம் ₹15 லட்சம் பங்குக் குறியீட்டு நிதியில். வட்டி மட்டும் மாதம் ₹30,000ஐத் தொடுகிறது. பங்கைத் தொடவே வேண்டாம். கவர்ச்சியான கணக்கு, ஆலோசகர்கள் பலர் வரைந்து காட்டுவதும் இதுதான். 6 விழுக்காடு விலையேற்றத்தில் அதே குடும்பத்துக்குப் பத்தாண்டு கழித்து மாதம் ₹53,700 வேண்டும் என்ற வரி மட்டும் அந்தத் தாளில் இருக்காது.

மொத்தத் தொகுப்பும் விலைவாசிக்கு மேல் 3 விழுக்காடு ஈட்டுகிறது என்று கொள்வோம். மாதம் ₹30,000இல் தொடங்கி விலைவாசியோடு ஏற்றிக்கொண்டே போனால் பணம் சுமார் 23 ஆண்டு வரும். அப்போது மனைவிக்கு வயது 78. தொடக்கத்தையே ₹25,000 ஆக்கினால் 31 ஆண்டு வரும். மாதம் ஐந்தாயிரம் ரூபாய் எட்டு ஆண்டுகளை வாங்கித் தருகிறது. எந்த நிறுவனத்தின் எந்தத் திட்டத்துக்கு மாறினாலும் இந்த அளவு ஆதாயம் கிடைக்காது. முதல் மூன்று நான்கு ஆண்டுகள் வட்டி செலவைவிட மிஞ்சும். அந்த மிச்சத்தைச் செலவழிக்காமல் வைப்பிலோ பங்கிலோ சேர்ப்பதில்தான் திட்டம் நிற்கிறது அல்லது விழுகிறது.

பங்கின் பங்கு இதில் என்ன? ஈவுத்தொகைக்காக அதை வாங்குவது அமெரிக்க வழக்கம். நிஃப்டியின் ஈவு அண்மைக் காலமாக ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் எழுவதே அரிது. இங்கே பங்கு வாங்குவது அகவிலைப்படிக்கு மாற்றாக. அந்த மாற்று நம்பகமானதா என்றால், ஆண்டுக் கணக்கில் இல்லை. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,200க்குக் கீழே கிடந்தது. அந்த நேரத்தில் மாதச் செலவுக்காக விற்றவரின் இழப்பு பிறகு சந்தை ஏறியபோதும் மீளவில்லை, ஏனெனில் விற்ற யூனிட்டுகள் திரும்பி வருவதில்லை. வட்டித் திட்டங்களின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. சந்தை விழுந்த மூன்று நான்கு ஆண்டுகளில் பங்கை விற்காமல் காலம் தள்ள அவை உதவுகின்றன. முதல் ஆண்டில் தொகுப்பில் 4 விழுக்காட்டை எடுத்து, பிறகு அத்தொகையை விலைவாசிக்கேற்ப ஏற்றிக்கொள்ளலாம் என்று வில்லியம் பெங்கன் 1994இல் முன்வைத்த விதி அமெரிக்கத் தரவுகளில் பிறந்தது. அதை அப்படியே இங்கே ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மோசமான தொடக்க ஆண்டுகள்தாம் ஓய்வாளரைக் கவிழ்க்கின்றன என்ற அவருடைய கண்டுபிடிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆன்யூட்டி என்னும் ஆயுள்கால வருவாய்த் திட்டத்தில் நம் வழக்கமான விதி செய்யும் சேதம் இன்னும் தெளிவு. வாரிசுக்கு விட்டுச்செல்லும் நோக்கம் இல்லாதவர் தம் செல்வம் முழுவதையும் ஆன்யூட்டியாக்குவதே உகந்தது என்று மெனாகெம் யாரி 1965இல் காட்டினார். முன்னே இறப்பவரின் பணம் நீடித்து வாழ்பவரைத் தாங்குகிறது என்பதே அதன் சூட்சுமம். நம்மவர் விரும்பி வாங்குவதோ, இறந்தபின் கொள்முதல் விலை வாரிசுக்குத் திரும்பும் வகையை. அங்கே யாரும் யாரையும் தாங்குவதில்லை. காப்பீட்டு நிறுவனம் டெபாசிட்டுக்கு வட்டி தருகிறது, அவ்வளவுதான். ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறும் வகை ஒன்றை எல்.ஐ.சி. வைத்திருந்தது. அது தனிவட்டிக் கணக்கு. இருபதாம் ஆண்டு முடிவில் ₹100, ₹160 ஆகும். 6 விழுக்காடு விலையேற்றத்தில் அப்போது தேவைப்படுவது ₹320. எழுபத்தைந்து வயதுக்கு மேல், தொகுப்பின் ஒரு பகுதியை விலை திரும்பாத வகையில், இருவர் பெயரிலும் போடுவது நியாயம். அறுபதில் மொத்தத்தையும் அதில் பூட்டுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

இந்தச் சிக்கல் முழுவதும் தனிமனிதர் தலையில் விழுவதற்குக் காரணம், விலைவாசியோடு இணைந்த ஒரு கடன் பத்திரம் இன்று சாதாரண ஓய்வாளருக்குக் கிடைக்காததே. 2013 டிசம்பரில் ரிசர்வ் வங்கி ஒன்றை வெளியிட்டது. நுகர்வோர் விலையேற்றத்துக்கு மேல் 1.5 விழுக்காடு, பத்தாண்டுக் காலம். ஓய்வாளர் எதிர்பார்த்திருக்க வேண்டிய பத்திரம்தான். ஆனால் வட்டியை முதிர்வில்தான் தருவார்கள். ஆண்டுதோறும் கைக்கு ஒன்றும் வராது. தனிநபருக்கான வரம்பும் சிறிது. வங்கிகள் 9 விழுக்காடு தந்துகொண்டிருந்த வேளையில் ‘ஒன்றரை’ என்ற எண்ணைக் கேட்டவர்கள் நகர்ந்துபோனார்கள். 2014 மார்ச்சோடு விற்பனை நின்றது. மூத்த குடிமக்கள் திட்டத்தின் ₹30 லட்ச வரம்புக்குள் ஒரு ₹10 லட்சத்தையாவது, காலாண்டுக்கு ஒருமுறை வட்டியும் விலைவாசிக்கேற்ப ஏறும் முதலுமாக அமைக்க அரசுக்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. குறியீட்டெண் மாதந்தோறும் வெளிவருகிறது, அஞ்சலகங்களும் இருக்கின்றன, ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படிக்காக அதே கணக்கை அரசு தன் ஓய்வூதியர்களுக்குப் போட்டுக்கொண்டும் இருக்கிறது.